கொஞ்சம் அழுங்க பாட்டி

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தைப் புரட்டிப் போட்ட மறுவாரம், எங்கள் தெருவுக்குக் கருணை வந்தது. வெள்ளை இன்னோவா, முகப்பில் பேனர், உள்ளே ஏசி. வண்டி நின்றதும் முதலில் இறங்கியது அரிசி மூட்டை அல்ல, கேமரா ஸ்டாண்ட்.

உடனே ஏழை தேர்வு நடந்தது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். கூரை பறந்து, ஒரு பக்கச் சுவரும் சரிந்திருந்தது. தகுதியெல்லாம் சரிதான். ஆனால் பாட்டி ஒரு தப்புப் பண்ணிவிட்டார். வெளியூர் ஆட்கள் வருகிறார்களே என்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, டிரங்குப் பெட்டியில் தப்பித்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கேமராக்காரத் தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. "பழைய சேலை இல்லையா பாட்டி?" மாற்றிக்கொண்டு வந்தார். "தலையைக் கொஞ்சம் கலைச்சு விடுங்க." கலைத்தார். கவரிங் தோடு கழன்றது. சாய்ந்து கிடந்த டிஷ் ஆண்டெனாவை இரண்டு பேர் தூக்கி மறைவாக வைத்தார்கள். ஏழை டிவி பார்த்தால் நன்கொடையாளர் மனசு தாங்காதாம்.

கடைசியில், "கொஞ்சம் அழுங்க பாட்டி."

"எதுக்கு தம்பி?"

"தாத்தா இறந்ததை நெனச்சுக்குங்க."

"அந்தக் குடிகாரன் போனதுக்கா? அன்னிக்கே நான் அழுவலியே!"

பத்து டேக் வாங்கினார்கள். சினிமாவில் துணை நடிகைக்கு அன்றைய பேட்டாவாவது உண்டு. பாட்டிக்குக் கிடைத்தது ஐந்து கிலோ அரிசி. அதையும் நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அஞ்சு கிலோ தூக்க நாலு ஆள் வேண்டியிருக்கிற நாட்டில் ஏழ்மை எப்படி ஒழியும்?

எங்கள் மாவட்டத்துக்கு இந்தத் தர்மம் புதிதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மலை மலையாகக் குவிந்து கிடந்தது பழந்துணி. டிசம்பர் 25 வரை கடலுக்குப் போய்ச் சொந்தக் காசில் தீபாவளித் துணி எடுத்த மீனவர்கள், எவனோ கழித்துப் போட்டதைத் தொட மறுத்தார்கள். அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. பரணைக் காலி செய்தவன் வள்ளல், கந்தலைக் கட்ட மறுத்தவன் திமிர் பிடித்தவன்! அப்புறம் ஃபைபர் படகுகள் வந்தன. பல குப்பங்களில் அலை கொண்டுபோன படகைவிடத் தர்மம் கொண்டுவந்த படகு அதிகம். படகில் நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக எழுதலாம். கக்கூஸ் கதவில் எழுதினால் யார் படம் எடுப்பார்கள்?

இதெல்லாம் சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரம் பார்க்க ஹைத்திக்குப் போகவேண்டும். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் சேர்ந்தது. 1,30,000 பேருக்கு மேல் வீட்டு வசதி செய்து தந்தோம் என்றார்கள். அமெரிக்கச் செய்தி நிறுவனங்களான புரோபப்ளிகாவும் என்பிஆர் வானொலியும் 2015இல் போய் எண்ணிப் பார்த்தபோது, சங்கம் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு. ஆறாயிரம் இல்லை, ஆறு. அந்த 1,30,000இல் வாடகைக்குக் கொஞ்ச நாள் உதவி பெற்றவர்களும் உண்டு, வீட்டை எப்படிப் பழுது பார்ப்பது என்று பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து போனவர்களும் உண்டு. சமையல் புத்தகத்தைக் காட்டிவிட்டு ஏப்பத்தை எண்ணுகிற கணக்கு. மருத்துவமனை, காலராத் தடுப்பு என்று நிறையச் செய்திருக்கிறோம் என்று சங்கம் பதில் சொன்னது. செய்திருக்கட்டும். டாலருக்கு 91 சென்ட் ஹைத்திக்கே போகிறது என்றும் அவர்கள்தான் சொன்னார்கள். அமெரிக்க செனட்டர் கிராஸ்லியின் 2016 அறிக்கையோ, வந்ததில் கால்வாசியை, சுமார் 12.5 கோடி டாலரை, நிர்வாகமும் நிதி திரட்டலும் உள்ளிட்ட உள்செலவுக் கணக்கில் காட்டியது.

நிர்வாகச் செலவே கூடாது என்கிற கட்சி இல்லை நான். கணக்கெழுதுகிறவருக்கும் வயிறு உண்டு. எவ்வளவு என்று உண்மையைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. யூடியூபில் பாட்டுக்கு நடுவே பிள்ளையை மடியில் போட்டு அழுகிற தாயை நாம் ஐந்து நொடி பொறுத்துக்கொள்கிறோம், ஆறாவது நொடி 'ஸ்கிப்'. மனசு கேட்காதவர்கள் 500 ரூபாய் போட்டுவிட்டு நன்கொடை ரசீதைப் பத்திரப்படுத்துகிறோம். வருமான வரியில் கழிக்க ரசீது வேண்டுமே! தணிக்கை அறிக்கை போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்த ஒருவரைக் காட்டுங்கள், ஊர் கூட்டிச் சால்வை போடுகிறேன்.

எங்கள் பாட்டி இப்போது பிரபலம். அவரைப் படமெடுத்த நிறுவனத்தின் காலண்டரில் ஜனவரியே அவர்தான், கலைந்த தலையோடு. மறுவருஷம் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போடப் பாஸ்போர்ட் சைஸ் படம் கேட்டார்கள். அந்தத் தம்பிகளிடம் இருக்குமே என்று பாட்டி சொல்ல, நான்தான் போன் போட்டேன். படத்தின் உரிமை நிறுவனத்துடையது, வெளியாட்களுக்குத் தருவதில்லை என்று பதில் வந்தது.

கடைத்தெரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். நாற்பது ரூபாயை முந்தானை முடிச்சிலிருந்து பாட்டியே எடுத்துக் கொடுத்தார். உட்கார்ந்ததும், பழக்க தோஷம், தலையைக் கலைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டார். ஸ்டூடியோக்காரர் சீப்பை நீட்டினார்.

"தலையைச் சீவிக்கிட்டு நேரா பாருங்க பாட்டி. இப்படி இருந்தா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க."