அகராதி அண்ணாச்சி

விருதுநகர் தொடங்கிச் சிவகாசி வரை பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களை நம்பி வாழும் மாந்தருள் தனியே வகைப்படுத்தத் தக்கவர் அகராதி அண்ணாச்சி ஆவார். பட்டாசு ஆலையை அவ்வட்டாரத்தார் 'பயர் ஆபீஸ்' என்றே வழங்குவர். அங்கே மேனேஜராக அமர்ந்து, 1949இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'யை அட்டை கிழியுமட்டும் மனனம் செய்து, ஆங்கிலச் சொற்களை வட்டிக்கு விட்ட பணம்போலப் பெருக்கி வருபவரே இவர்.

சேகரிப்புக்கு இவருக்குக் காசு செலவில்லை. ஆப்செட் அச்சகத்தில் காலண்டர் தாளை வெட்டும்போது விழும் ஓரத்துண்டுகளில் நாளுக்கு ஐந்து சொற்களை எழுதிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். சேர்த்ததைச் செலவழிப்பதுதான் சிக்கல். ஏனெனில் ஆலைப் பேச்சு பெரும்பாலும் திரி, மருந்து, லோடு, பாக்கி என்பவற்றுக்குள் அடங்கிவிடும். ஆகவே கம்பி மத்தாப்பு பொறி சிந்துவதைக் 'காரஸ்கேஷன்', அதாவது மினுமினுப்பு, என்பார். வாடகைப் பாக்கி கேட்டு நிற்கும் லாரிக்காரரை 'இம்பார்ச்சுனேட்', அதாவது விடாது நச்சரிப்பவர், என்பார். அதைப் பாராட்டென எண்ணி லாரிக்காரர் டீ வாங்கிக் கொடுப்பதும் உண்டு.

இவர் புலமை முழுமையாக வெளிப்படும் இடம் உரிமக் கடிதமாகும். பெரிய ஆலைகளுக்கு உரிமம் தரும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால், அவ்வுரிமம் ஊரில் 'நாக்பூர் லைசென்ஸ்' எனப்படும். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் கேட்பது படிவமும் உரிய ஆவணங்களுமே. அண்ணாச்சியோ மூன்று பக்க முகப்புக் கடிதமும் எழுதுவார். கூடுதலாக ஒரு ஷெட் கட்ட வேண்டும் என்னும் செய்தி, இரண்டாம் பக்க அடியில், ஆறு அடைமொழிகளைக் கடந்து வருவோர் கண்ணுக்கே புலப்படும். முதலாளி அதைப் புரட்டிப் பார்த்து, "ஒரு வரிகூட வெளங்கல, பிரமாதமா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி" என்று கையெழுத்திடுவார்.

அக்கடிதத்தை எவரும் முழுதாகப் படித்ததில்லை என்பதே இவர் புகழ் சேதாரமின்றி நிலைப்பதற்குக் காரணம். சில வாரங்களில், "வரைபடம் இணைக்கப்படவில்லை" என ஒற்றை வரியில் பதில் வரும். வரைபடம் இவருடைய மேசை டிராயரிலேயே, அகராதிக்கு அடியில் கிடக்கும். அண்ணாச்சி அவ்வரியை இருமுறை வாசித்துவிட்டு, "பாவம், இவங்களுக்கு வொகாபுலரியே பத்தாது" என உளமார இரங்குவார்.