எந்த வெர்ஷன் என்று எவருக்கும் தெரியாமல் இருக்க

இரவு பில்டுக்கு வெர்ஷன் எண்ணைத் தானாகப் போட வேண்டுமென்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களா? பதற வேண்டாம். இருக்கிற குழப்பத்துக்குச் சேதாரம் இல்லாமலே அதைச் செய்யலாம்.

எண்ணை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். பில்ட் முடிந்ததும் ஸ்கிரிப்ட் அதில் ஒன்றைக் கூட்டி கமிட் செய்யட்டும். புது கமிட் வந்தால் பில்ட் ஓடும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும், அதைத் தொடாதீர்கள். பில்ட் கமிட் செய்யும், கமிட் பில்டைக் கிளப்பும். விடிவதற்குள் நூறு வெர்ஷன் தாண்டியிருக்கும். கமிட் செய்தியில் 'ஸ்கிப் சிஐ' என்று போட்டால் நின்றுவிடும் என்பார்கள். காதில் வாங்காதீர்கள்.

'கிட் டிஸ்கிரைப்' ஆபத்தான கட்டளை. கடைசி டேக் எது, அதற்குப் பின் எத்தனை கமிட், இது எந்த கமிட் என்று மூன்றையும் ஒரே வரியில் கக்கிவிடும். அப்புறம் யார் உடைத்தார்கள் என்பதில் என்ன மர்மம் மிச்சம்? தப்பிக்க வழி உண்டு. சிஐ சர்வரில் கடைசி கமிட்டை மட்டும் குளோன் எடுங்கள். பழைய டேக் எதுவும் கூட வராது. கட்டளை கையை விரித்துவிடும்.

எல்லாவற்றிலும் உத்தமம், தேதியையே எண்ணாக்குவது. வருடம், மாதம், நாளுக்கு இரண்டிரண்டு இலக்கம், பின்னால் நான்கு இலக்க வரிசை எண். அதை குறியுள்ள 32 பிட் முழு எண்ணில் அடையுங்கள். அது கொள்ளும் உச்சம் 2147483647. 2021 முழுக்கச் சமர்த்தாக ஓடியது. 2022 புத்தாண்டன்று எண் 2201010001 ஆனதும், இப்படியே எண் போட்டிருந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் வைரஸ் தடுப்புப் பகுதி அதை விழுங்க முடியாமல் திணறியது. மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை, வெறும் வெர்ஷன் எண்! கூகுள் பிளே இன்னும் கறார்: 210 கோடிக்கு மேல் எண்ணை வாங்காது. இதே வடிவம் அங்கே ஒரு வருடம் முன்பே, 2021 ஜனவரி 1 அன்றே முட்டிக்கொண்டிருக்கும்.

சர்வர் கடிகாரம் யூடிசியிலேயே இருக்கட்டும். சென்னையில் அதிகாலை 2 மணிக்கு ஓடும் பில்டுக்கு முந்தைய நாள் தேதி விழும். டெஸ்டர் பழையதையே சோதிப்பதாக நினைத்து டீ குடிக்கப் போய்விடுவார். அவருக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா? வெர்ஷன்களை எழுத்து வரிசையில் அடுக்கினால் 1.10 ஆனது 1.9க்கு முன்னால் போய் நிற்கும், அது இலவச இணைப்பு.

டிப்ளாய் செய்யும்போது டாக்கர் இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்ற ஒரே டேக் போதும். பழையதற்குத் திரும்ப வேண்டிய ராத்திரியில், பழையதற்கும் அதே பெயர்தான் இருந்தது என்பது நினைவுக்கு வரும். வாடிக்கையாளர் போன் செய்து எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: "புதுசுதான் சார், ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."