வன்னி விறாந்தைகளில் மாபிள் பதித்தலும் வழுக்குதலும்: ஓர் ஆய்வு

கிளிநொச்சி தொடங்கி மாங்குளம், முல்லைத்தீவு வரையுள்ள விறாந்தைகளை, தோண்டிப் பார்க்காமலே காலவாரியாக வகுத்துவிடலாம். அடியில் சாணத்தரைக் காலம். அடுத்தது 2009க்குப் பிந்திய தறப்பாள் காலம். அதில் விறாந்தையே இல்லை, ஆகவே ஆய்வாளரும் தலைகுனிந்து கடந்துவிடுவார். பின்னர் சீமெந்துக் காலம். 2012 ஒக்டோபர் 2இல் இரண்டாம் கட்டம் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் குடும்பத்துக்கு 5,50,000 ரூபாவைத் தவணை தவணையாகக் கொடுத்தது. கூரை ஏறுவதற்குள் பலருக்குக் கடனும் ஏறியதால், தரை சீமெந்தோடு நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே மினுங்குவது மாபிள் காலம். இதன் ஆண்டைக் கணிக்கக் கரிமச் சோதனை வேண்டாம். மூத்த மகனுக்குக் கனடாவில் விசா சரிவந்தது எப்போது என்று கேட்டாற் போதும்.

வெளித்தரைக்கு வாட்டம் வேண்டும். மீற்றருக்கு ஒன்று, ஒன்றரைச் சென்ரிமீற்றர். மேசன் இதை அறிவார். வீட்டுக்காரரோ மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நின்றால்தான் கூலி கொடுப்பார். விளைவாக, கார்த்திகை மழைத்தண்ணீர் போக்கிடம் தெரியாமல் விருந்தாளிபோல உள்ளே வந்துவிடுகிறது.

இடைவெளிப் பிரச்சினையும் உண்டு. வெயிலில் மாபிள் விரியும். அதற்கு இடம் விட்டே பதிக்க வேண்டும். "நீக்கல் தெரியாமல் ஒட்டுங்கோ தம்பி" என்று வீட்டுக்காரி சொல்ல, தம்பி ஒட்டிவிடுகிறார். அடியில் சாந்து சரியாகப் பிடிக்காத இடமாகப் பார்த்து, சித்திரை வெயிலில் இரண்டு மாபிள்கள் முதுகை முதுகு முட்டி எழும்பும். நாணயத்தால் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும் இடமெல்லாம் அடுத்த சித்திரைக்கு.

ஆனால் ஆய்வின் மையம் வழுக்கல்தான். வெளித்தரைக்கென்றே சொரசொரப்பான மாபிள் கடையில் இருக்கிறது. ஊத்தை பிடிக்கும் என்று அதை விட்டுவிட்டு, முகம் தெரிகிற மாபிளையே வாங்குவார்கள். முதல் மழையில் ஒருவர் விழுவார். உடனே படியடியில் ஒரு சாக்கு வரும். (உரச்சாக்கு தானும் சேர்ந்து வழுக்கும், சணல் சாக்கே உத்தமம்.) பிறகு வாசலுக்கு ஒன்று, குழாயடிப் பக்கம் ஒன்று என்று பெருகி, மாபிள் முழுவதும் மூடப்படும்போதுதான் விறாந்தை பாவனைக்கு உகந்ததாகிறது. அம்மம்மா அதையும் நம்பாமல் வேப்பமரத்தடி மண்ணில் கதிரை போட்டிருப்பார்.

ஞாயிறு பின்னேரம், கனடாவில் விடிந்த கையோடு, மகனின் வட்ஸ்அப் அழைப்பு வரும். அப்போது சாக்குகள் அவசரமாகச் சுருட்டப்பட்டு, போன் தரையை நோக்கித் திருப்பப்படும். மாபிளின் நிறத்தைக் குறித்துக்கொள்ள விரும்பும் ஆய்வாளர்கள் அந்நேரம் படலையடியில் நிற்பது நல்லது.