மெலிஞ்சுட்டியே, சுகரா?

1970-களில், நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் தாமிரபரணிக் கரைப் பக்கம் ஒருவரைப் புகழ்ந்து சொல்வதென்றால் 'நல்லா பூசினாப்ல இருக்கியே' என்பார்கள். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். உடம்பில் சதை பிடித்தால் அந்த வீட்டில் சோறு இருக்கிறது என்று அர்த்தம். ஒல்லியான பெண்ணைப் பார்த்தால் கல்யாணம் பேச வந்தவர்கள் யோசிப்பார்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்துத் தேற்றுவார்கள்.

எங்கள் ஆச்சிக்கு மட்டும் சதை பிடிக்கவே இல்லை. அம்மியில் அரைப்பாள், ஆட்டுரலில் மாவாட்டுவாள், கிணற்றில் தண்ணீர் இறைப்பாள், தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவாள். எழுபது வயதிலும் கையை ஊன்றாமல் எழுந்துவிடுவாள். இதைச் சொல்லி அந்தக் காலத்தைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிட்டவள் அவள். அந்த உழைப்பை அவள் விரும்பி ஏற்கவில்லை. 1955-இல் கோயம்புத்தூரில் பிறந்த கிரைண்டர் பல ஆண்டு கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் தோளுக்கு விடுதலை கிடைத்தது. அது வந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

ஆனால் ஆட்டுரலோடு வேறொன்றும் போனது. சாப்பாட்டு மேசை, கட்டில், சோபா, வெஸ்டர்ன் டாய்லெட் என்று ஒவ்வொன்றாக வர, தரையில் உட்கார்ந்து எழும் வேலையே வீட்டில் இல்லாமல் போயிற்று. என் வயதுப் பெண்கள் கோயில் மண்டபத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே உட்கார்ந்தால் எழ முடியாதாம். எழுபது வயது ஆச்சியைவிட இளையவர்கள்.

உழைப்பு குறைந்தது மட்டும் காரணமில்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைய, கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. வயது ஏற ஏறத் தசையும் கரைகிறது. எடைக் கருவியில் எண் அப்படியே நிற்கும். உள்ளே தசை போய்க் கொழுப்பு வந்திருக்கும். அதனால்தான் என் டாக்டர் முதலில் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். இந்தியப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90, அதற்குமேல் போனால் கவனிக்க வேண்டும். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கான பி.எம்.ஐ. நமக்கு 23-ஐத் தொட்டாலே அதிக எடைதான். முட்டியின் கணக்கு என்னை இன்னும் உலுக்கியது. முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2005-இல் வந்தது. ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்றது அது.

எடையைக் குறைக்க முடிவு செய்தேன். பட்டினி கிடந்து இளைத்தால் தசையும் சேர்ந்து போகும். ஆகவே சோற்றைப் பாதியாக்கி, சுண்டல், முட்டை, மீன், கீரை என்று தட்டை மாற்றினேன். நடப்பதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும் செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடை மட்டும் போதாது.

இப்போது விசேஷ வீடுகளில் என்னைப் பார்ப்பவர்கள், 'என்னக்கா, மெலிஞ்சுட்டியே, சுகரா?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். காரணமில்லாமல் இளைத்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். டாக்டரிடம் போயே ஆக வேண்டும். ஆனால் 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 35 கோடிப் பேருக்குத் தொப்பை. தொப்பை வைத்திருப்பவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

நாற்பது தாண்டிய அம்மாவோ அக்காவோ வீட்டில் இருந்தால், அவர்கள் இடுப்பை அளந்து பாருங்கள். அளவு மீறியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். தினமும் அரைமணி நேரம் அவர்கள் நடக்கப் போகும்போது அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.