கரிசல் வட்டாரத்தில் முழுமுகத் தலைக்கவசத் தெரிவு: ஓர் உறவுமுறை நோக்கு

கோவில்பட்டியைப் பற்றி வருகிற ஆய்வுகள் தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி, கரிசல் எழுத்தாளர்கள் என்ற நாலு தலைப்பைத் தாண்டுவதில்லை. இந்த நாலுக்கும் நடுவே தினமும் பைக்கில் போய்வரும் தலைகளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கி. ராஜநாராயணன் 1982-இல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியில் ஹெல்மெட் இருக்கிறதா என்று தேடியே முன்னூறு பக்கம் எழுதி முனைவர் ஆகிவிடலாம். அப்படி ஒருவர் கிளம்புவதற்குள் இந்த 'ஆய்வு இடைவெளி'யை அடைத்துவிடுவது உத்தமம்.

ஆய்வின் எல்லை: வடக்கே சாத்தூர், தெற்கே கயத்தாறு, கிழக்கே எட்டயபுரம், மேற்கே கழுகுமலை. அதற்கு அப்பால் உள்ள தலைகளுக்கு இக்கட்டுரை பொறுப்பேற்காது.

வரலாறு: கரிசலில் தலையைக் காத்த முதல் கருவி துண்டு, அடுத்தது முண்டாசு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்குத் தருகிறது. எட்டயபுரத்தில் பிறந்த மகாகவியின் முண்டாசுக்கு இந்த விலக்குச் செல்லுமா என்பது சட்ட அறிஞர்கள் கைவைக்காத இடம். செல்லாது என்பதே என் துணிபு (மாற்றுக் கருத்துக்குக் காண்க: பஸ் ஸ்டாண்டு டீக்கடை, வடக்குப் பெஞ்சு, வாய்மொழி மரபு). சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் கட்டாயமான 2015 ஜூலை 1-ஐ முற்காலத் தொடக்கமாகவும், அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆன 2022 அக்டோபரைப் பிற்காலத் தொடக்கமாகவும் கொள்ளலாம். முற்காலக் கவசங்கள் பெட்ரோல் டேங்க்கின் மேலும் முழங்கையிலும் மிகுதியாகக் கிடைக்கின்றன. பிற்காலத்தில் சில தலையிலும் கிடைக்கின்றன.

வகை: தொப்பி மாதிரி போலீசுக்கானது. அரைமுகம் தாடையைக் குலசாமியிடம் ஒப்படைத்தது. முழுமுகம் கீழே விரியும்.

எடை: கடைக்கு வருகிறவர் எல்லாரும் 'வெயிட் இல்லாததாக் குடுங்க' என்று கேட்டு, கையில் தூக்கிப் பார்க்கிறார்கள். ஹெல்மெட் கையில் மாட்டுவதல்ல என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தரநிர்ணயம் 1.2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தது. பிறகு அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். விழுகிற நேரத்தில் நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு. அதை மெலிதாக்கி எடையைக் குறைத்த சரக்கு பூப்போலத்தான் இருக்கும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனால் சாலையோரத்தில் முத்திரையை மட்டும் தாராளமாக ஒட்டித் தருகிறார்கள்.

அளவு: இங்கேதான் சூட்சுமம். புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, பின்மண்டை துருத்தும் இடம் வரை, தையல்காரர் டேப்பைச் சுற்றினால் செ.மீ. கணக்கு வந்துவிடும். போட்டதும் கன்னம் இரண்டும் கடலைமிட்டாயை அடக்கிய வாய் மாதிரி லேசாக உப்பி அமுங்க வேண்டும். ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே ஆட வேண்டும். லாக்கைப் போட்டுவிட்டுப் பின்விளிம்பைப் பிடித்து மேலே தள்ளும்போது கழன்று வந்தால் அது உங்கள் ஹெல்மெட் அல்ல. பத்து நிமிஷம் கடையிலேயே போட்டு நின்று, நெற்றியில் ஓரிடம் மட்டும் வலித்தால் அதுவும் அல்ல. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை. ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கையில் லொடலொட ஹெல்மெட் எவ்வளவு லேசானாலும் கழுத்தைத் திருகிவிடும்.

உறவுமுறைச் சிக்கல்: இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். முழுமுகத்தில் முகம் தெரியாது; ஆனால் வண்டி தெரியும். இந்த முரணிலிருந்தே கரிசலின் சகல மனத்தாங்கலும் பிறக்கிறது. ஊர் விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கும் பெரிய மனிதர், 'நம்ம மருமகன் வண்டிதான். பாத்தும் பாக்காத மாதிரிப் போறாரே, காதுகுத்துக்கு வரட்டும் பேசிக்கிடுவோம்' என்று குறித்துக்கொள்கிறார். மருமகனோ ஹெல்மெட் கண்ணாடியில் படிந்த கரிசல் புழுதிக்குள் பள்ளம் தேடிக்கொண்டிருக்கிறார். (புழுதியை வெறும் துணியால் துடைத்தால் கீறல் விழும், ராத்திரி நாற்கர சாலையில் எதிர் லாரி வெளிச்சம் நூறாகச் சிதறும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இது கிளைச் செய்தி.)

ஆகவே கண்ணாடி தூக்கும் இலக்கணம் ஒன்று தேவைப்படுகிறது. பங்காளிக்கு ஒரு ஹார்ன் போதும். சின்னையா, பெரியையாவுக்குக் கண்ணாடியை முழுக்கத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, பல் தெரிய வேண்டும். அத்தைக்கு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டும். மாமனார் என்றால் என்ஜினை அணைத்து, லாக்கை எடுத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, முடியைக் கோதிக்கொண்டு இறங்குவதே மரபு. மூக்குக்கண்ணாடி போட்ட மருமகன் முதலில் அதைக் கழற்றி, பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, மறுபடி மூக்குக்கண்ணாடியை மாட்டி, எதிரே நிற்பவர் மாமனார்தானா என்று உறுதி செய்வதற்குள் அவர் பஸ் ஏறிவிடுகிறார். கடன் கொடுத்தவரைக் கண்டால் கண்ணாடி இறங்கும். கறுப்புக் கண்ணாடி ராத்திரியில் எதற்கு என்ற அறிவியல் கேள்விக்கு வேறு விடை அகப்படவில்லை (காண்க: மைனி, 'வந்தாரு, நின்னாரா?', திண்ணைப் பேருரை, கரண்ட் போன பின் நிகழ்ந்த பகுதி, அதை மறுத்த கொழுந்தன் உரை, பால்கணக்கு நோட்டின் பின்பக்கம், கரையான் அரித்தது போக மிஞ்சிய ஒன்றேகால் வரி, அந்த ஒன்றேகால் வரியில் காலே மூலம், ஒன்று இடைச்செருகல் என நிறுவும் நாலு தொகுதிகள், பக்கம் வெட்டாதவை).

தாடையோடு சேர்த்துத் தூக்கும் மாதிரி இதற்கெல்லாம் பரிகாரம் ஆகலாம். ஆனால் கீலும் பூட்டும் சேர்வதால் எடை ஏறும். சொந்தம் வேண்டுமா, கழுத்து வேண்டுமா என்பதை அவரவர் குடும்ப நிலவரப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

இக்கட்டுரையைப் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அனுப்பச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இணையவழி வாழ்த்துரை தொடங்கி, சத்தம் கேட்காமல், கையை ஆட்டிவிட்டுப் போனால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு. பணம் கட்டினால் கட்டுரை தொகுப்பில் வரும். அதை முழுசாகப் படிப்பவர் அச்சகத்தில் பக்கம் அமைப்பவர் ஒருவரே. அவரிடம் நேரிலேயே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மேலாய்வுக்குரியவை: பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்கையில், பூ வைத்த கொண்டைக்கு எந்த அளவு எடுப்பது, வேர்வையில் ஊறிய உள்பஞ்சைக் கழற்றித் துவைக்கலாம் என்ற செய்தி ஏன் பலரை எட்டவில்லை, டீக்கடையில் ஹெல்மெட்டை மறந்து வந்தவர் அதை எடுக்கத் திரும்பிப் போகும்போது எதை மாட்டிக்கொண்டு போவது. மூன்றாவது தலைப்புக்கு நெறியாளர் கிடைக்கவில்லை.