கம்பி வந்தது, நெரிசலும் வந்தது

டெக்சாஸில் காற்று வீசுவது மேற்கே. கரண்ட் கேட்கும் டாலஸும் ஹூஸ்டனும் கிழக்கே. நடுவில் கம்பி போதவில்லை. 2005இல் மாநிலம் சட்டம் போட்டு, ஏறத்தாழ 3,600 மைல் கம்பியை 2014க்குள் இழுத்து முடித்தது. அமெரிக்கக் கணக்கில் இது மின்னல் வேகம்! கம்பியைக் கண்டதும், பந்தி போட்ட வீட்டுக்கு வருவதுபோல் புதுக் காற்றாலைகள் வந்து குவிய, மறுபடியும் நெரிசல். காற்று பலமாக அடிக்கும் சில இரவுகளில் மொத்த விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். காற்றாலைக்காரர் கரண்டையும் கொடுத்து, காசையும் கொடுக்க வேண்டும். (வரிச்சலுகை இருக்கிறது, கவலை வேண்டாம்.)

நெரிசலைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. 2023இல் மொன்டானா மாநிலம், பழைய கோபுரத்திலேயே கூடுதல் மின்சாரம் தாங்கும் கம்பியை மாட்ட ஊக்கம் தரும் சட்டம் கொண்டுவந்தது. உருப்படியான யோசனை. திறப்புவிழா நடத்தத்தான் வழியில்லை.