நகலெடுக்க நான்கு பேர்

லினக்ஸ் கெர்னலில் ஒரு சரத்தை இங்கிருந்து அங்கே நகலெடுக்கச் செயற்கூறுகளின் ஒரு குடும்பமே தேவைப்பட்டது.

மூத்தவர் ஸ்டிரிங் காப்பி. இடையகத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வழிவது பக்கத்து நினைவகத்தின் தலையெழுத்து.

அடுத்தவர் என் காப்பி. அளவு கேட்பார். ஆனால் இடம் நிரம்பிவிட்டால் முடிவைக் காட்டும் பூஜ்யத்தை வைக்கமாட்டார். இடம் மிஞ்சினாலோ மிச்சம் முழுக்கப் பூஜ்யமாகக் கொட்டுவார்.

மூன்றாமவர் எல் காப்பி. பூஜ்யம் தவறாமல் வைப்பார். ஆனால் நமக்கு வேண்டியது பத்து பைட் என்றாலும், மூலத்தைக் கடைசிவரை படித்து அதன் நீளத்தைச் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம். மூலத்துக்கு முடிவே இல்லையென்றால் கெர்னலுக்குத்தான் நிரந்தரத் தூக்கம்.

2015-இல் எஸ் காப்பி பிறந்தார். பூஜ்யமும் வைப்பார், இடம் போதாமல் சரத்தின் வாலை வெட்டினால் பிழை எண்ணும் தருவார். இத்தனை யோக்கியர் வந்தபிறகும் எல் காப்பியை வெளியேற்ற 2024-இன் 6.8 பதிப்பு வரை ஆயிற்று.

இந்தக் குடும்பத்துக்கு வெளியே, கோப்பின் பாதையைச் சொல்லும் டி-பாத் என்ற செயற்கூறு தனி ரகம். இடையகத்தின் வால் பக்கத்திலிருந்து தொடக்கத்தை நோக்கி எழுதுவார். விடை அவர் திருப்பித் தரும் சுட்டியில் இருக்கும். தொடக்கத்தில் தேடுபவருக்குக் குப்பைதான் கிடைக்கும்.

திருப்பித் தரும் மதிப்பைப் பார்க்காத ஆளை எந்தச் செயற்கூறாலும் காப்பாற்ற முடியாது.